எட்டுப் பிரதி, நீலப் பின்னணி

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் என் ஸ்டுடியோ.
வாசலில் கருவாட்டு லாரி நின்றால்
உள்ளே இருப்பவர் முகம் சுளித்தபடிதான் பதிவாவார்.
இருபத்தாறு வருஷமாக
ஆம்பிளைகளின் தாடையை
ஒரு விரலால் நிமிர்த்திவிடுகிற வேலை எனக்கு.
"கொஞ்சம் இடது. மூச்சை விடுங்க. அப்படியே."
கூடப் பிறந்தவன் தாடையைக்கூட
இத்தனை தடவை தொட்டதில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் மழமழ.
மீசை மட்டும் கெளுத்திக்கு மாதிரி
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்.
தாடியோடு ஒருத்தன் படியேறினால்
விசாரிக்கவே வேண்டாம்.
வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை,
இல்லையென்றால் பாம்பன் பெண் யாரோ
வேறு வீட்டுக்கு வாக்குப்பட்டிருப்பாள்,
இல்லையென்றால் சாவு.
கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தனிக் கணக்கு.
பிளேடு வாங்கக் காசில்லாதவர்களும் இருந்தார்கள்.
அவர்கள் போட்டோ எடுக்க வருவதில்லை.

வேதாளை அபுதாகிர் காக்கா மட்டும்
எல்லாக் காலத்திலும் தாடிதான்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் வர
நாற்பது பேர் ஏறிய பஸ்ஸில்
இறக்கி விசாரிக்கப்படுகிற ஒருவர் அவர்.
பையில் பேரீச்சம்பழமும் மகளுக்கு மருந்தும் இருக்கும்.
எண்ணிப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

எந்த வருஷம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
மீன்பிடித் தடை முடிந்து
அறுபத்திரண்டாம் நாள் படகு இறங்கியபோது
கரையில் ஒருத்தனும் சிரைத்திருக்கவில்லை.
டோக்கன் ஆபீஸில் அட்டையைத் திருப்பித் திருப்பி
"இதுல இருக்கிறவன் யாரு, நீ யாரு?"
வரிசையாக என்னிடம் அனுப்பினார்கள்.
புது பிரிண்டர் கடனில் பாதியை
தாடிதான் அடைத்தது. பொய் சொல்லக்கூடாது.

அந்தச் சாவடி ஏட்டய்யா மகன்
காலேஜ் அட்டைக்குப் படம் எடுக்க வந்தான்.
காக்கா தாடியின் அதே நீளம், அதே அடர்த்தி,
கன்னத்தில் மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி கோடு.
வெட்ட இருநூற்றைம்பதாம். எண்ணெய் தனியாம்.
காக்கா அன்றைக்குப் பெஞ்சில் இருந்தார்.
பையனைப் பார்த்தார்,
சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார்.
"தம்பி, எண்ணெய் எங்க வாங்குறீக?"

நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதுதான்
ரெக்சன் வந்தான், சூசையப்பர் தெரு.
நெஞ்சைத் தொடுகிற தாடி, கடல் உப்போடு சிடுக்கேறி.
"எடுப்பா இருக்கேப்பா" என்றேன்.
"எந்தக் கடையில?"
கேமராவைப் பார்த்தபடியே சொன்னான்:
"அண்ணன் போன வல்லம் கவுந்து நாப்பது நாளாச்சுக்கா.
அண்ணனை எடுத்தாத்தான்
இதை எடுக்க முடியும்."

எட்டுப் பிரதி வெட்டினேன்.
கத்தரி ஒரு படத்தில் காதைத் தாண்டிப் போய்விட்டது.
காசு வாங்கினேன். கை பழகிவிட்டது.
சில்லறை சரியாக வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு யார் தாடியைப் பற்றியும் பேசுவதில்லை.
முன்னால் படிக்கத் தெரிந்தது எனக்கு,
துக்கம் எது, நேர்ச்சை எது என்று.
இப்போது தெருவில் எல்லா முகத்திலும்
ஒரே கையெழுத்து.
யார் எதற்கு எழுதியது?

இந்த வருஷம் மறுபடி வழிக்கிறார்கள்.
கேஸ் கம்பெனி வேலைக்குப் போகிறவனுக்கு
முகமூடி ஒட்டாதாம்.
என் அக்கா மகனுக்குக் காரணமே இல்லை,
போரடித்துவிட்டதாம்.
காக்கா அப்படியேதான் இருக்கிறார்,
எண்ணெய் மட்டும் மணக்கிறது.

நேற்று ரெக்சன் வந்தான்.
சுத்தமாக எடுத்திருந்தான்.
நெற்றியும் மூக்கும் கறுத்திருக்க
தாடி இருந்த இடம் மட்டும் வெளிறி,
வேறு யாருடைய தோலோ போல.

அண்ணன் கிடைத்தாரா,
காத்திருந்தது போதும் என்று விட்டுவிட்டானா,
ஊரோடு சேர்ந்து வழித்துக்கொண்டானா.
கேட்க வாய் வந்தது.
விரலை அந்தத் தாடையில் வைத்தேன், குளிர்ந்திருந்தது.
"அட்டைக்காப்பா?"
"ஆமாக்கா. பழசுல நான் இல்லைங்கிறாங்க."

வெளியே லாரி வந்து நிற்கிற சத்தம்.
அவன் முகம் சுளிப்பதற்குள்
அமுக்கினேன்.